வரத்து ஓடையைத் தூர் வாரியும் கண்மாய் நிரம்பாதது ஏன்?

கேள்வி: காரைக்குடிக்குக் கிழக்கே உள்ள சிற்றூர் எங்களுடையது. மேற்கே உள்ள ஊரின் கண்மாய் நிறைந்ததும் மிகுதி நீர் வழியும் கலுங்கிலிருந்து வரும் ஓடைதான் எங்கள் கண்மாய்க்கு வரத்து. முன்பு ஐப்பசி முதல் தை வரை ஓடிய அந்த ஓடையில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. ஊர்ப் பணத்தில் எங்கள் எல்லைக்குள் தூர் வாரியும், சென்ற மழையில் கண்மாய் பாதிகூட நிரம்பவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் உழைப்பு வீணாகவில்லை, ஆனால் அது ஓடையின் வால் பகுதியில் தொடங்கிவிட்டது. வற்றாத ஆறு இல்லாத செட்டிநாட்டில், வடகிழக்குப் பருவமழையின் நீரைத் தேக்கி, ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிவதை அடுத்த கண்மாய்க்கு வரத்தாக விடும் சங்கிலியையே முன்னோர் அமைத்தார்கள். அந்தச் சங்கிலியில் மேலே ஒரு கண்ணி அடைபட்டால், கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அந்தப் பள்ளத்தில் தேங்குவது உங்கள் ஊரில் பெய்த மழை மட்டுமே.

ஆகவே முதலில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து, மேல் கண்மாயின் கலுங்கிலிருந்து உங்கள் கண்மாய் வரை ஓடையின் தடத்தில் நடந்து பாருங்கள். கலுங்கின் மேல் கல்லோ மண் மூட்டையோ அடுக்கி மட்டத்தை உயர்த்தியிருக்கிறார்களா, வண்டிப் பாதைக்காகப் போட்ட குழாய் மிகச் சிறியதா, வயல் வரப்பு ஓடைக்குள் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல் ஊரார் மட்டத்தை உயர்த்தியிருந்தால், அவர்களைப் பகையாகக் கருத வேண்டாம். அவர்கள் கண்மாய் மண் மேவி ஆழம் குறைந்ததால்தான் பெரும்பாலும் அப்படிச் செய்கிறார்கள். அதைத் தூர் வார நீங்களும் கை கொடுத்தால், கலுங்கைப் பழைய மட்டத்துக்கு இறக்கும்படி கேட்பது எளிதாகும்.

ஓடையின் பழைய அகலத்தை, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடும் (ஊரின் நிலப் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) காட்டும். ‘ஓடைப் புறம்போக்கு’ என்று பதிவான நிலத்துக்குப் பட்டா கோர இயலாது. இரண்டு ஊராட்சிகளின் கிராம சபைகளிலும் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றுவது நல்லது. ஆகஸ்ட் 15 கூட்டம் மழைக்கு முன்பே வருவதால் அதைத் தவறவிடாதீர்கள்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய தூரிலிருந்து அது மீண்டும் துளிர்ப்பதால், ஈரமுள்ள நாளில் வேரோடு பிடுங்க வேண்டும். கரையிலுள்ள நாவல், புங்கை, மருத மரங்களைத் தொடாதீர்கள். கரையைப் பிடித்து நிறுத்துவது அவற்றின் வேர்களே. ஓடை மணலையும் யாரும் அள்ள விடாதீர்கள்.