டயரைப் பாருங்கள், மோட்டார் அப்புறம்: குட்டி ரேஸ் கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கிவிடும் ரிமோட் ரேஸ் கார்களைப் பற்றியவை, அதிலும் கியோஷோவின் மினி-இசட் பற்றியவை. அதனால் பெரிய கார்களை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் ஒரு மினி-இசட் எம்ஆர்-03 வாங்கினேன் சார். நேராக விட்டால் பறக்கிறது, வளைவில் த்ராட்டில் கொடுத்தால் பின்பக்கம் வீசிச் சுற்றிவிடுகிறது. அலுமினிய மோட்டார் மவுண்ட், கார்பன் டி-ப்ளேட், புது மோட்டார் மூன்றையும் ஆர்டர் போடலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

ஆர்டரை நிறுத்தி வையுங்கள், முதலில் காரைத் திருப்பிப் போட்டு டயரைப் பாருங்கள். இந்தக் கார் பின்சக்கரத்தில் மட்டும் ஓடுகிற கார். நீங்கள் கொடுக்கிற வேகம் முழுக்க அந்த இரண்டு சின்னப் பின்டயர் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும், அது பிடிக்காவிட்டால் மேலே எவ்வளவு கார்பன் மாட்டினாலும் கார் சுற்றத்தான் செய்யும். விற்றவர் போட்டிருந்த டயர் எவ்வளவு பழையது என்று உங்களுக்குத் தெரியாது இல்லையா? ரப்பர் நாள்பட்டால் தேயாமலே இறுகிப்போகும், பார்க்கப் புதிதாக இருக்கும், விரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழாது. அப்படி இருந்தால் பேச்சே இல்லை, மாற்றிவிடுங்கள்.

டயர் பாக்கெட்டில் 20, 30, 40 என்று டிகிரி போட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய ரப்பர் மெத்தென்று இருக்கும், பிடிப்பு கூடும், சீக்கிரம் தேயும். வழக்கமான ஏற்பாடு பின்னால் மென்மையானது, முன்னால் அதைவிடக் கெட்டியானது. உங்கள் காரில் இது தலைகீழாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் முன்னால் மென்மையான டயர் போட்டால் ஸ்டியரிங் கூர்மையாகத் தெரியும், விற்கும்போது கையில் கொடுத்துக் காட்ட நன்றாக இருக்கும். பின்னால் 20 அல்லது 30, முன்னால் 30 அல்லது 40 என்று ஆரம்பித்துப் பாருங்கள். தரையைப் பொறுத்து இது மாறும். டைல்ஸ் தரையில் மென்மையான பின்டயர் இல்லாமல் முடியாது, கார்ப்பெட்டிலும் ஃபோம் துண்டுகளைக் கோத்துப் போடுகிற ஆர்சிபி ட்ராக்கிலும் பிடிப்பு ஏற்கெனவே நிறைய இருப்பதால் அங்கே பிரச்சினை எதிர்ப்பக்கமாக வரும், அதாவது கார் சறுக்குவதற்குப் பதில் வளைவில் கவிழும். அப்படிக் கவிழ்ந்தால் முன்டயரைக் கெட்டியாக்குங்கள், அதுவும் போதவில்லை என்றால் முன்டயரின் வெளி ஓரத்தில் மெல்லிசாக சூப்பர் க்ளூ தடவிக் காயவிடுவார்கள், ஓரம் வழுக்கிக்கொடுக்கும், கார் தரையைக் கவ்விப் புரளாது.

டயரை ரிம்மில் வெறுமனே மாட்டி விடாதீர்கள். இதற்கென்றே மெல்லிய இரட்டைப் பக்க டேப் விற்கிறது, அதைச் சுற்றி ஒட்டிவிட்டு மாட்டுங்கள். ஒட்டாத டயர் வளைவில் ரிம்மை விட்டு ஒரு பக்கமாக நழுவும், அந்த நொடியில் கார் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டயர் சரி என்றால் அடுத்தது டி-ப்ளேட். மோட்டார் இருக்கிற பின்பகுதியையும் முன்னால் இருக்கிற சேஸிஸையும் இணைக்கிற வளையக்கூடிய தகடு இது, இந்தக் காரின் பின் சஸ்பென்ஷனில் பெரும்பங்கு இதுதான். மெல்லியதாக வளைந்தால் பின்பிடிப்பு கூடும், விறைப்பாக இருந்தால் கார் சட்டென்று திரும்பும். கார்பன் ப்ளேட் பொதுவாக விறைப்பு, ஆகவே பின்பக்கம் வீசுகிற காருக்கு நீங்கள் வாங்கப் போவது எதிர்மருந்து! இருக்கிற ப்ளேட்டைக் கழற்றி ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் ப்ளேட்டில் அங்கேதான் விரிசல் விடும். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூக்களை ஒன்று மாற்றி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், ஒரு பக்கம் மட்டும் இறுகினால் ப்ளேட் முறுக்கிக்கொண்டு கார் ஒரு பக்க வளைவில் நன்றாகவும் மறுபக்க வளைவில் மோசமாகவும் போகும். முறுக்கல் இருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது: பேட்டரி போட்ட காரைக் கண்ணாடி மேல் வைத்து, முன்பக்கத்தின் நட்டநடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள், இரண்டு முன்சக்கரமும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். ஒன்று முந்திக் கிளம்பினால் ப்ளேட் ஸ்க்ரூவைத் தளர்த்தி மறுபடி முறுக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் காசு செலவழிக்க ஆசை இருந்தால் பால் பேரிங் செட் வாங்குங்கள். சக்கரத்தில் பிளாஸ்டிக் புஷ் இருந்தால் அதை எடுத்துவிட்டு பேரிங் போடுவதுதான் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும், உங்களுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கும், பலன் தெரிகிற மாற்றம்.

மகனுக்குக் கார் வாங்கிக் கொடுத்தேன். நான்கு ட்ரிபிள் ஏ பேட்டரி கேட்கிறது. சாதாரண பேட்டரியில் 1.5 வோல்ட், ரீசார்ஜ் பேட்டரியில் 1.2 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் சாதாரண பேட்டரியில்தானே வேகம் அதிகம்? (வாசகர், மதுரை)

கணக்கு சரி, காரில் நடப்பது வேறு. ஆல்கலைன் பேட்டரி சும்மா இருக்கும்போது 1.5 காட்டும், மோட்டார் கரண்ட் இழுக்கத் தொடங்கியதும் அதன் உள்தடை காரணமாக வோல்ட் சரிந்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2-இல் ஆரம்பித்தாலும் கரண்ட் இழுக்கும்போது அவ்வளவாகச் சரியாது, காலியாகும் தறுவாய் வரை ஏறக்குறைய ஒரே வேகத்தைக் கொடுக்கும். 2005-இல் சான்யோ கொண்டுவந்து இப்போது பானசோனிக் பெயரில் வருகிற எனலூப் மாதிரியான செல்கள், சார்ஜ் செய்து எடுத்து வைத்தாலும் அதிகம் இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுக்கிற வீட்டுக்கு அதுவே வசதி.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். நான்கு செல்லும் ஒரே பிராண்டு, ஒரே வயது, ஒன்றாகவே சார்ஜ் ஆனவையாக இருக்கட்டும், மேலே நம்பர் எழுதிவிடுங்கள். ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால் மற்ற மூன்றும் அதன் வழியே கரண்டைத் தள்ளி அதை எதிர்த்திசையில் ஓட்டி ஒரேயடியாகக் கெடுத்துவிடும். சார்ஜரும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிறதாக இருக்க வேண்டும். இந்தச் செல் நிறைந்ததும் அதன் வோல்ட் ஒரு துளி இறங்கும், நல்ல சார்ஜர் அதைப் பார்த்துத்தான் நிறுத்துகிறது. ஜோடி ஜோடியாக மணிக்கணக்கு வைத்து ஏற்றுகிற மலிவு சார்ஜர் செல்லைச் சூடாக்கிக் கொன்றுவிடும். அப்புறம், மகன் செல்லைத் திருப்பிப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் உள்ளே இருக்கிற போர்டு கருகலாம். முதல் சில வாரம் நீங்களே போட்டுக் கொடுங்கள்.

அண்ணா, நான் ப்ளஸ் டூ படிக்கிறேன். பினியன் மாற்றினால் டாப் ஸ்பீடு கூடும் என்கிறார்கள். மோட்டாரும் சேர்த்து மாற்றவா? லித்தியம் பேட்டரி வைத்தால் இன்னும் போகுமா? (வாசகர், கோவை)

தம்பி, லித்தியத்துக்கு முதலில் பதில்: வேண்டாம். நான்கு செல் கணக்கில் 4.8 வோல்ட்டுக்குச் செய்த போர்டில் 7.4 வோல்ட் பேக்கை மாட்டினால் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற எஃப்இடி என்ற ட்ரான்சிஸ்டர் முதலில் போகும்.

பினியனுக்கு, அதாவது மோட்டார் அச்சில் இருக்கிற சின்னப் பல்சக்கரத்துக்கு, வருவோம். அது சுற்றுகிற, பின் அச்சில் இருக்கிற பெரிய பல்சக்கரம்தான் ஸ்பர் கியர், உன் காரில் அதற்கு 44 பல். பினியன் 6, 7, 8, 9 பல்லில் வருகிறது. 6 போட்டால் மோட்டார் 7.33 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று, 9 போட்டால் 4.89 சுற்றிலேயே ஒரு சுற்று. ஆகவே பெரிய பினியனில் டாப் ஸ்பீடு கூடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த டாப் ஸ்பீடைத் தொட நீளமான நேர்ப்பாதை வேண்டும். வீட்டு ஹாலிலும் சின்ன ட்ராக்கிலும் கார் அதைத் தொடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், வளைவை விட்டுக் கிளம்பும்போது இழுவையும் குறைந்திருக்கும், மோட்டாரும் சூடேறும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் கேனைத் தொட்டுப் பார், விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் ஒரு பல் குறை.

இன்னொன்றையும் கணக்கில் சேர். 25 மில்லிமீட்டர் விட்டம் இருந்த பின்டயர் தேய்ந்து 24 ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கார் 4 சதவீதம் குறைவாகத்தான் நகரும். போன மாதத்தைவிட டாப் ஸ்பீடு குறைந்துவிட்டது என்று தோன்றுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பினியனில் 7-இலிருந்து 8-க்குப் போனால் 14 சதவீதம் மாறும், ஒரு பல்தானே என்று நினைக்காதே.

மோட்டார் இப்போதைக்கு வேண்டாம். வயர் சுற்று குறையக் குறைய மோட்டார் வேகம் கூடும், கரண்டும் கூட இழுக்கும், பேட்டரியும் போர்டும் அதைத் தாங்க வேண்டும். இப்போதிருக்கிற மோட்டாரில் சுவரில் இடிக்காமல் தொடர்ந்து ஓட்ட வந்த பிறகு கேள், விரிவாக எழுதுகிறேன்.

பால் டிஃபரன்ஷியல் போட்ட பிறகு காரில் கிர்ர் என்று சத்தம். இறுக்கினால் திரும்ப மறுக்கிறது, தளர்த்தினால் கிளம்ப மறுக்கிறது. (வாசகி, டொரன்டோ)

வளைவில் இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற அமைப்புதான் டிஃபரன்ஷியல். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் நடுவில் ஓரிடம் இருக்கிறது, அதைக் கையால்தான் கண்டுபிடிக்க முடியும். அச்சை மோட்டாரோடு சேராமல் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் இரண்டு சக்கரத்தையும் அசையாமல் பிடித்து மறுகைக் கட்டைவிரலால் ஸ்பர் கியரைத் தள்ளிப் பாருங்கள். சுலபமாகச் சுழன்றால் தளர்வு, நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்குங்கள். நன்றாக அழுத்தித் தள்ளினால் மட்டும் நழுவும் என்கிற நிலையில் நிறுத்துங்கள். அப்புறம் கியரைப் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தை உருட்டுங்கள், மற்றது எதிர்ப்பக்கமாக வழுவழுவென்று உருள வேண்டும். நறநறவென்று மணல் அரைபடுவது போல விரலில் தெரிந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. பிரித்து, குண்டுகளையும் வளையத்தட்டுகளையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, தட்டில் பள்ளத் தடம் விழுந்திருந்தால் திருப்பிப் போட்டு, டிஃப் க்ரீஸ் மிக மிகக் கொஞ்சமாக வைத்துப் பூட்டுங்கள். நிறைய க்ரீஸ் வைத்தால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டில் கார்ப்பெட் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குச் சந்தேகமே அதன் மேல்தான். பின்சக்கரத்தைக் கழற்றி பேரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே பாருங்கள், தலைமுடியும் கார்ப்பெட் நூலும் அச்சைச் சுற்றி வளையமாக இறுகியிருக்கும். மெல்லிய ப்ளேடால் ஒரு வெட்டு வெட்டி சிறு இடுக்கியால் இழுத்தால் கொத்தாக வந்துவிடும். இதை எடுக்காமல் டிஃப் நட்டைத் திருகிக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர், எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது, நல்ல டிஃபைக் குறை சொல்லித் தூக்கிப்போட்டு விடுகிறார்கள். முன்சக்கரத்திலும் பாருங்கள்.

அலமாரியில் பழைய மினி-இசட் ஒன்று கிடைத்தது. அடியில் சின்னதாக க்ரிஸ்டல் செருகி இருக்கிறது. ஓடுகிறது, ஆனால் நண்பரின் அதே மாதிரிப் பழைய காரோடு விட்டால் தறிகெட்டுப் போகிறது. (வாசகர், கோலாலம்பூர்)

மினி-இசட் 1999-இல் வந்தது. ஆரம்பகால எம்ஆர்-01 எல்லாம் 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற பழைய அலைவரிசையில், எந்தச் சேனல் என்று தீர்மானிக்கிற க்ரிஸ்டல் வைத்து ஓடியவை. இரண்டு பேரிடமும் ஒரே எண் க்ரிஸ்டல் இருந்தால் இரண்டு ரிமோட்டும் இரண்டு காரையும் இழுக்கும். ஒருவர் ரிமோட்டிலும் காரிலும் சேர்த்து வேறு ஜோடி க்ரிஸ்டல் மாற்றினால் சரியாகிவிடும். பின்னாளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தபிறகு இந்தத் தொல்லை போய்விட்டது. தனியாக ஓடும்போதே முன்சக்கரம் துடித்தால் அது வேறு நோய், ஸ்டியரிங்கைத் திருப்புகிற சர்வோவுக்குள், சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அளக்கிற பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கும் அல்லது அழுக்கடைந்திருக்கும். கான்டாக்ட் க்ளீனர் ஒரு சொட்டு விட்டு ஸ்டியரிங்கை இரு பக்கமும் பலமுறை திருப்பிப் பாருங்கள்.

ஒன்பது வயது மகளுக்கு முதல் ரேஸ் கார். நான்கு சக்கரமும் ஓடுகிறதா, பின்சக்கரம் மட்டும் ஓடுகிறதா, எது வாங்குவது? (வாசகி, திருச்சி)

நான்கு சக்கரமும் ஓடுகிறது வாங்குங்கள். த்ராட்டிலைச் சட்டென்று முழுக்க அழுத்துவது குழந்தைகளின் இயல்பு, அப்போது பின்சக்கர ஓட்டக் கார் சுழன்றுவிடும், இது தாங்கும். வேகத்தைக் குறைத்து வைக்கிற வசதி ரிமோட்டில் இருக்கிறதா என்று வாங்கும் முன் கடையில் கேளுங்கள், இருந்தால் முதலில் பாதி வேகத்துக்கு வைத்துக் கொடுங்கள். அழகான பாடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அவளை விடுங்கள், பாதகமில்லை, ஆனால் சக்கர அச்சுகளின் இடைவெளி பாடிக்குப் பாடி மாறும். எம்ஆர்-03 வரிசையில் 86, 90, 94, 98 மில்லிமீட்டர் என்று வரும். பின்னாளில் வேறு பாடி கேட்டால் சேஸிஸுக்குப் பொருந்துகிற அளவா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். பாடி மாட்டியதும் முன்சக்கரத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் பாடியின் உள்ஓரத்தில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத் தரையில் விடுங்கள்.