ஹ்மோங் அகதிகளும் அரசு உதவிப்பணமும்

கேள்வி: அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்கள் படிப்பாலும் உழைப்பாலும் உயர்ந்துவிட்டார்கள். அதே ஆசியாவிலிருந்து சென்ற லாவோஸ் அகதிகளில் பலர் நீண்ட காலம் அரசு உதவிப்பணத்தில் வாழ்ந்ததாகப் படித்தேன். உழைக்க மனமில்லாததைத் தவிர இதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? (வாசகர், ஈரோடு)

பதில்: வேறு காரணங்கள் பல உண்டு. நீங்கள் சொல்லும் காரணம் அவற்றில் ஒன்று அல்ல.

முதலில் இந்தியர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் பழைய நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கி, உறவினர்களுக்கும் தொழில் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் முன்னுரிமை அளித்தது. அந்த வழியில் மருத்துவர்களும் பொறியாளர்களும் சென்றார்கள். பின்னர் எச்-1பி விசாவில் நம் ஊர் மென்பொருள் பொறியாளர்கள் சென்றார்கள். பட்டமும் ஆங்கிலமும் உள்ளவர்களையே அமெரிக்கா தேர்ந்தெடுத்து உள்ளே விட்டது. அவர்கள் உழைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் உயிர் தப்பி ஓடிவந்தவர்களை அவர்களோடு ஒப்பிட்டுக் குறை காண்பது அநியாயம்.

லாவோஸ் அகதிகளில் இந்தப் பழியை அதிகம் சுமந்தவர்கள் ஹ்மோங் மலைமக்கள். 1961 முதல் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., வாங் பாவ் என்ற தளபதியின் கீழ் அவர்களைத் திரட்டி, வட வியட்நாம் படைகளுக்கும் லாவோஸ் கம்யூனிஸ்டுகளுக்கும் எதிராக இரகசியப் போர் நடத்தியது. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்த அமெரிக்கர்களைக் காட்டுக்குள் தேடி மீட்டவர்களும் இவர்களே. ஆண்கள் மாண்டு குறைந்தபோது சிறுவர்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். அந்தப் போரில் கம்யூனிஸ்டுகள் வென்றபோது, 1975 மே மாதம் லோங் தியெங் என்ற அவர்களுடைய தளத்திலிருந்து தளபதியையும் சில ஆயிரம் பேரையும் மட்டுமே விமானங்கள் ஏற்றிச்சென்றன. மற்றவர்களில் பல்லாயிரம் பேர் காடு வழியே நடந்து, மூங்கில் கழிகளைப் பற்றிக்கொண்டு மேகாங் ஆற்றைக் கடந்து, வழியில் பிள்ளைகளையும் பெற்றோரையும் பறிகொடுத்து, தாய்லாந்தின் பான் வினாய் போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகே அமெரிக்கா சேர்ந்தார்கள். மலைச்சரிவில் காடு வெட்டிப் பயிர் செய்தவர்கள் அவர்கள்; பெரியவர்களில் பெரும்பாலோர் பள்ளி சென்றதில்லை.

அவர்களை அமெரிக்கா வரவேற்ற முறையும் உதவவில்லை. எந்த ஒரு நகரத்துக்கும் சுமை கூடக் கூடாது என்று அகதிகளைப் பல மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஹ்மோங் மக்களுக்கோ குலம்தான் எல்லாம். திருமணமும், நாட்கணக்கில் நடக்கும் இறுதிச்சடங்கும், வழக்குத் தீர்ப்பும், அவசரத்துக்குக் கைமாற்றும் குலத்தாரை நம்பியே நடப்பவை. சிதறடிக்கப்பட்டவர்கள் தாமாகவே மூட்டை கட்டிக்கொண்டு கலிபோர்னியாவின் பிரெஸ்னோவிலும் மினசோட்டாவின் செயின்ட் பாலிலும் மீண்டும் ஒன்றுகூடினார்கள். அதைப் பொறுப்பின்மை என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். பிழைக்கத் தெரிந்தவர்களின் செயல் என்றே நான் கருதுகிறேன்.

இனி உதவிப்பணத்துக்கு வருகிறேன். தாய் தந்தை இருவரும் உள்ள குடும்பங்களுக்கான உதவித் திட்டத்தில் அப்போது ஒரு விதி இருந்தது: குடும்பத் தலைவர் மாதம் 100 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால், சம்பளம் எவ்வளவு குறைவாயினும் உதவி நின்றுவிடும், அதோடு சேர்ந்த மருத்துவ வசதியும் பெரும்பாலும் கைநழுவிப்போகும். ஆங்கிலம் அறியாத, ஏழெட்டுப் பிள்ளைகள் உள்ள ஒருவருக்குக் கிடைத்தது குறைந்தபட்சக் கூலி வேலைதான். அதை ஏற்றால் நோயுற்ற பிள்ளையை மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வழியில்லை. வேலைக்குப் போகிறவரைத் தண்டித்த சட்டத்தை விட்டுவிட்டு, அதில் சிக்கியவரைச் சோம்பேறி என்கிறோம்.

அந்த ஆண்டுகளில் நோயற்ற இளம் ஆண்கள் பலர் இரவு உறக்கத்திலேயே இறந்தார்கள். நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்த அந்த மரணங்கள் தென்கிழக்காசிய அகதிகளிடையே நூற்றுக்கும் மேல். ஹ்மோங் ஆண்களே மிகுதியாகப் பலியானார்கள். வீட்டுக்குள்ளும் அமைதி இல்லை. மருத்துவரிடமும் அரசு அலுவலகத்திலும் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்க வேண்டியிருந்தபோது, தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடம் இருந்த சொல்லுரிமை பிள்ளையின் கைக்குப் போயிற்று.

இன்று செயின்ட் பால் உழவர் சந்தையில் ஹ்மோங் குடும்பங்களின் காய்கறிக் கடைகள் நிறைந்திருக்கின்றன. 2002இல் மீ முவா மினசோட்டா மாநில மேலவைக்குத் தேர்வானார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் செயின்ட் பாலில் பிறந்த சுனிசா லீ ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வென்றார். ஆனால் இவர்களைக் காட்டி உங்களுக்கு மறுப்புச் சொல்ல மாட்டேன். பதக்கம் பெற்றவர்களுக்கு மட்டுமே மதிப்பு உண்டு என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

1996இல் வந்த சட்டம் குடியுரிமை பெறாத குடியேறிகளுக்கான உணவு உதவியையும் முதியோர் உதவியையும் வெட்டியபோது, அமெரிக்காவுக்காகப் போரிட்ட முதிய ஹ்மோங் வீரர்களும் அந்தப் பட்டியலில் அகப்பட்டுக்கொண்டார்கள். குடியுரிமை பெற ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். அவர்களால் அது இயலவில்லை. அவர்கள் தொடர்ந்து போராடினார்கள். போரிட்ட வீரர்கள், அவர்களுடைய வாழ்க்கைத்துணைகள் என 45,000 பேர் வரை ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெறும் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. போர் முடிந்து அதற்குள் 25 ஆண்டுகள் ஓடிவிட்டன.