ஒரே ஒரு கோணல் கோடு உள்ள மரச்செதுக்கு அச்சு எப்படிப் பெரிய கலையாகும்? அதுவும் 20 பிரதிகள் இருக்கும்போது?

அச்சு ஓவியர் ஜரீனா ஹாஷ்மியின் ‘டிவைடிங் லைன்’ (பிரிக்கும் கோடு, 2001) அச்சைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெளிர் காகிதத்தில் நெளிந்து இறங்கும் கறுப்புக் கோடு, வேறொன்றும் கிடையாது. அது 1947-இல் பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் கிழித்த இந்திய பாகிஸ்தான் எல்லை. ஜரீனா 1937-இல் அலிகரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் பிற்பாடு கராச்சிக்குப் போய்விட்டது.

‘இதை என் பையனே போடுவான்’ என்று கமெண்ட் எழுதக் காத்திருப்பவர்களுக்கு: பேனாவில் போடுவான், சரி. மரச்செதுக்கில் உளி பட்ட இடம் வெள்ளையாக விழும், படாத இடம்தான் மை வாங்கும். அந்தக் கோடு மட்டும் மேடாக நிற்க, இரு பக்கமும் பலகையைத் தோண்டித் தள்ள வேண்டும். அதையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும், இல்லாவிட்டால் வரைபடம் திரும்பிக்கொள்ளும். ஜரீனா 1974-இல் டோக்கியோவில் மரச்செதுக்குக் கலைஞர் தோஷி யோஷிதாவின் பட்டறைக்கே போய் இந்த வேலையைக் கற்றவர்.

பிரதி விஷயம்தான் எனக்கு எரிச்சல். நானும் பலகை செதுக்குகிறவன். அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என் அச்சு ஒன்றைக் கொடுத்தேன். மை உருட்டி, காகிதம் வைத்து, கரண்டி முதுகால் தேய்த்து ஒவ்வொன்றாக எடுத்தவற்றில் ஒன்று அது. கீழ் ஓரத்தில் பென்சிலால் 4/10 (பத்தில் நான்காவது) என்று எண்ணும் கையெழுத்தும் போட்டிருந்தேன். சுவரில் மாட்டியபோது பார்த்தால் ஓரமே இல்லை! கையிலிருந்த சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று பிரேம் கடையில் வெட்டிவிட்டார்கள். “ஓரம் சும்மாதானே சார் இருந்துச்சு, யாரோ பென்சில்ல கணக்குப் போட்டிருந்தாங்க” என்றார் கடைக்காரர். அண்ணி சமாதானமாக, “விடுங்க தம்பி, இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடுங்க” என்றார்.

பத்துத் தாள் எடுத்தால் பத்தும் பலகையிலிருந்து நேரே வந்தவைதான். முதலில் ஒன்றை வரைந்து அதைப் படம்பிடித்ததல்ல. பத்துக்கு மேல் எடுப்பதில்லை என்ற வாக்குத்தான் அந்தப் பென்சில் எண்.

உடனே மேட்டிமைக்காரன் என்று கிளம்பாதீர்கள். அரூபம் (உருவமில்லாத ஓவியம்) என்று எதை மாட்டினாலும் கும்பிடச் சொல்லவில்லை. வெறும் கிறுக்கலுக்கு விலை ஏற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியர். அரையாண்டு நெருங்கினால் கணக்கு சார் என் பீரியடைக் கடன் கேட்பார். திருப்பித் தந்ததாகச் சரித்திரமில்லை. தலைமையாசிரியரிடம் சொன்னால், “டிராயிங்தானே சார்” என்பார். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் ஜரீனாவைப் பற்றிப் பேசும்போது, அவர் அலிகர் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியது கணிதத்தில் என்று வாய்விட்டுவிட்டேன். “பாத்தீங்களா, கணக்குப் படிச்சாத்தான் சார் எல்லாம் வரும்” என்று கணக்கு சார் வியாழக்கிழமை பீரியடையும் எழுதி வாங்கிக்கொண்டார்.