புயல் நிவாரணத்தைப் போன் வழியே அனுப்பலாமா? சிக்னலையும் கரண்டையும் சோதிக்கும் முறை

கேள்வி: வேதாரண்யம் வட்டாரத்தில் மீனவர், உப்பளத் தொழிலாளர் என 300 குடும்பங்களுக்கு, புயல் அடித்தால் தலா 3,000 ரூபாய் யுபிஐ வழியாக அனுப்ப எங்கள் இளைஞர் மன்றம் நினைக்கிறது. எங்கள் ஊர்களின் டவரும் கரண்டும் அதற்குத் தாங்குமா? மழைக்காலத்துக்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் ஒரு விஷயம். நீங்கள் திருச்சியில் உட்கார்ந்து அனுப்பினால், வாங்குகிற அம்மாவின் போன் அணைந்து கிடந்தாலும் பணம் அவர் கணக்கில் ஏறிவிடும். அது அரிசியாகவும் மெழுகுவத்தியாகவும் மாற வேண்டிய இடத்தில்தான் சிக்கல் வரும். அதனால் உங்கள் சோதனையை மளிகைக்கடை வாசலில் ஆரம்பியுங்கள்.

கடற்கரை ஊர் ஒன்றில் நான் பார்த்த கடையில், கடைக்கார அக்கா தன் போனை ஜன்னல் கம்பிக்கு இடையில் செருகி வைத்திருந்தார். அங்கிருந்து ஒரு முழம் நகர்த்தினால் பணம் வந்த செய்தி வராது. கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது, சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது என்று மட்டும் பார்த்திருந்தால், ‘இந்தக் கடை தயார்’ என்று எழுதிக்கொண்டு வந்திருப்போம்.

போனில் தெரிகிற கோடுகளை நம்பாதீர்கள். ஊரில் புழங்கும் எல்லா நிறுவனங்களின் சிம்களையும் ஒரு கீபேட் போனையும் எடுத்துக்கொண்டு, கடை, ஏடிஎம், புயல் பாதுகாப்பு மையம் மூன்றிலும் நின்று ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். காலையில் பத்து முறை, எல்லோரும் போனில் இருக்கும் இரவு எட்டு மணிக்குப் பத்து முறை. பத்தில் எட்டு சட்டென்று போகவில்லை என்றால், நல்ல நாளிலேயே தடுமாறும் இடம் அது. புயலன்று அதை நம்ப வேண்டாம். நிறுவனங்களின் இணையதளத்தில் உள்ள கவரேஜ் வரைபடம் எந்த ஊருக்கு முதலில் போவது என்று முடிவு செய்ய உதவும், அவ்வளவுதான்.

அப்புறம் கரண்ட். ‘வீட்டில் மின் இணைப்பு உண்டா’ என்று கேட்டால் எல்லோரும் ‘உண்டு’ என்பார்கள். ‘கஜாவுக்குப் பிறகு உங்கள் தெருவுக்குக் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது?’ என்று கேளுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த அந்தப் புயலில் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் போனுக்கு எங்கே சார்ஜ் போட்டார்கள் என்றும் கேளுங்கள். பதிலில் வரும் ஜெனரேட்டர் வீடுகளையும் கடைகளையும் குறித்து வைத்தால், உங்கள் சார்ஜிங் மையங்கள் அங்கேயே கிடைத்துவிடும்.

டவருக்கும் அதே கரண்ட்தான் உயிர். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அதன்பின் டீசல். சாலையில் மரம் விழுந்தால் டீசல் வண்டி வராது. டவருக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் விசாரியுங்கள்; கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்கிறதா, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். இன்னொன்று: ஒரே டவரில் இரண்டு மூன்று நிறுவனங்கள் வாடகைக்கு இருப்பது சகஜம். அது படுத்தால் இரண்டு சிம் வைத்திருப்பவருக்கும் இரண்டுமே போய்விடும்.

வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டியது இருக்கிறது. மீனவர் வீடுகளில் வங்கியோடு இணைத்த எண் பெரும்பாலும் கணவரின் போனில். அந்தப் போன் அவரோடு கடலுக்குப் போய்விடும். ரீசார்ஜ் முடிந்து ஓடிபி வராத எண்களும் நிறைய இருக்கும். கீபேட் போன்காரர்கள் *99# வழியாக இன்டர்நெட் இல்லாமலே ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம், ஆனால் ரகசிய எண்ணை முன்பே போட்டிருக்க வேண்டும்; சிக்னலும் வேண்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் பழைய 2ஜி கீபேட் போனில் அந்த சிம் வேலை செய்யாது.

அஞ்சல்காரரின் கருவியில் விரல் வைத்துப் பணம் எடுக்கலாமே என்று தோன்றும். நல்ல வழிதான். ஆனால் உப்பளத்தில் உழைக்கும் கைகளில் ரேகை தேய்ந்தும் வெடித்தும் இருக்கும். உங்கள் 300 குடும்பங்களில் முப்பது பேரையாவது உட்கார வைத்து இப்போதே முயன்று பாருங்கள். புயலுக்கு மறுநாள், வரிசையில் நின்று ‘ரேகை பதியவில்லை’ என்று கேட்டுத் திரும்பும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

இவ்வளவும் பார்த்தபின் பல ஊர்களுக்கு ‘புயலுக்குப் பின் தாங்காது’ என்றே முடிவு வரலாம். அப்படியானால் பணத்தை முன்பே அனுப்புங்கள். வானிலை மையத்தின் எச்சரிக்கை வந்ததும், டவர் உயிரோடு இருக்கும்போதே அனுப்பினால், அரிசி வாங்கவும் வலையையும் இன்ஜினையும் மேட்டுக்குக் கொண்டுபோகவும் அது உதவும். வங்கதேசத்தில் 2020 ஜூலையில், ஜமுனை ஆற்று வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே, உலக உணவுத் திட்டம் பிகாஷ் என்ற மொபைல் பணச் சேவை வழியாகக் குடும்பத்துக்கு 4,500 டாக்கா அனுப்பியது.

அதற்கும் நேரம் கிடைக்காவிட்டால் கையெழுத்திட்ட காகிதக் கூப்பன் போதும். ஊருக்கு இரண்டு கடைக்காரர்களிடம் செப்டம்பரிலேயே பேசி, கூப்பனுக்குச் சரக்கு கொடுத்துவிட்டுப் பிறகு உங்களிடம் பணம் வாங்கிக்கொள்ளச் சம்மதம் பெற்று வையுங்கள்.