மழையில் வரையாடு, கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஜூலை முதல் வாரம் மூணாறு போய், இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாட்டைப் படமெடுக்க ஒரு நாள் முழுக்க இருந்தேன். காலையிலிருந்து விடாத மழை. வனத்துறைப் பேருந்தில் ஏறியதுமே பையிலிருந்து கேமராவை எடுத்துத் தயாராக மடியில் வைத்துக்கொண்டேன். இறங்கிப் பார்த்தால் லென்ஸ் முழுக்க வெள்ளை. துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. அது தெளிந்த பிறகு எடுத்த படங்களிலும் எல்லாமே சாம்பல் நிறம். பாதிப் படங்களில் ஃபோகஸ் இல்லை. ஏசி பெட்டியில் திரும்பி வந்து, சென்ட்ரலில் இறங்கியதும் ஒரு படம் எடுக்கலாம் என்று பையைத் திறந்தேன், மறுபடியும் வெள்ளை. மூன்று வாரம் ஆகிறது, இப்போது லென்ஸுக்கு உள்ளே ஏதோ மங்கலாகத் தெரிகிறது. மழைக்காலத்தில் மலைக்குப் போனதே தப்பா? மழை தாங்கும் விலை உயர்ந்த கேமரா இருந்தால்தான் முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தப்பே இல்லை. வரையாட்டைப் பார்க்க ஆண்டிலேயே நல்ல பருவத்தில் போயிருக்கிறீர்கள். மழைத் தண்ணீர் உங்கள் படங்களைக் கெடுக்கவில்லை. கேமரா குளிரிலிருந்து ஈரச் சூட்டுக்கு இரண்டு முறை மாறியது, அது ஒன்று. கேமராவின் ஒளிமானி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டது இன்னொன்று. இரண்டுக்கும் புதுக் கேமரா மருந்தாகாது.

முதலில் லென்ஸைப் பார்ப்போம், அது அவசரம். அறை விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸின் பின்பக்கமாகச் செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். கண்ணாடியில் வாயால் ஊதியது போலச் சீரான மங்கலாக இருந்தால் ஈரம். ஓரத்திலிருந்து வேர் பிடித்தது போல நூல் நூலாகக் கிளைவிட்டு ஓடினால் பூஞ்சை. ஈரமென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், முன் மூடி பின் மூடி இரண்டையும் கழற்றிவிட்டு, 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு மூன்று நாள் வையுங்கள். மூடியோடு வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள், ஈரம் குடித்ததும் அது பச்சையாகிவிடும், மாற்ற வேண்டிய நேரம் தெரியும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். பூஞ்சையென்றால் இந்த வாரமே சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆரம்பத்தில் துடைத்து எடுத்துவிடலாம். நாளானால் கண்ணாடி மேல் இருக்கும் பூச்சையே அரித்துவிடும், அந்தத் தழும்பு போகாது.

அரிசி டப்பாவுக்குள் வைக்காதீர்கள், மாவுத்தூசி வளையங்களுக்குள் புகும். வெயிலிலும் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி, ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் தகடுகள் மேல் ஓடும்.

இனி வெள்ளை படிந்த கதை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு வெளியே வியர்க்கிறதே, அதேதான் இது. சென்ட்ரலில் நீங்கள் இறங்கியபோது காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் நீராக இறங்கும். இரவு முழுக்க ஏசி பெட்டியில் இருந்த கேமரா 23 டிகிரியில் இருந்திருக்கும். பையைத் திறந்த கணத்தில் படிந்தாக வேண்டியதுதான். மூணாறில் நடந்ததும் இதுவே. இரவில் அறையின் குளிரில் ஊறிய கேமராவை, கண்ணாடி ஏற்றிவிட்ட பேருந்தில், நனைந்த உடையோடு நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களின் மூச்சுக்காற்றில் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

அதனால் பேருந்தில் பையைத் திறக்கவே கூடாது. இறங்கி, வெளிக்காற்றில் நின்ற பிறகு திறங்கள். வெளியே இருக்கும் குளிரும் கேமராவின் குளிரும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஒன்றும் படியாது. திரும்பும்போது ஏசி பெட்டியில் ஏறியதும் கேமராவை ஜிப் வைத்த பாலிதீன் உறைக்குள் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடிவிடுங்கள். வீட்டுக்கு வந்தும் இரண்டு மணி நேரம் அந்த உறைக்குள்ளேயே இருக்கட்டும். படிகிற ஈரம் உறை மேல் படியும், லென்ஸ் மேல் அல்ல. மீறிப் படிந்துவிட்டால் துடைக்காதீர்கள். கண்ணாடி சூடேறும் வரை திரும்பத் திரும்ப வரும். நம் பக்கத்தில் துடைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை கடல் உப்பு, அனல்மின் நிலையச் சாம்பல், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி மூன்றும் சேர்ந்த தூசிதான் எல்லாப் பொருள் மேலும் உட்கார்ந்திருக்கிறது. ஈரத்தோடு அதைத் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி. முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, கடைசியில்தான் துணி.

மழை தாங்கும் கேமரா பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றில் இருப்பது இணைப்புகளில் ஒரு ரப்பர் வளையம். தூறலைத் தாங்கும். பேட்டரி மூடி சரியாக அமராவிட்டாலோ, கேபிள் போடும் இடத்தின் ரப்பர் மூடி திறந்திருந்தாலோ அதுவும் இல்லை. ஆவி படிவதை அந்த ரப்பர் தடுக்கவே தடுக்காது. அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தேவையானது ஒரு பழைய மழைக்கோட்டின் கை. பைக் ஓட்டுகிறவர்கள் போடும் கோட்டு, மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்தது. தோளோடு வெட்டி எடுத்தால் இரண்டடி நீளம் கிடைக்கும். எலாஸ்டிக் பக்கத்தை லென்ஸ் ஹூட்டின், அதாவது லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு வளையத்தின், விளிம்பில் மாட்டுங்கள், அகலமான தோள்பக்கம் கேமராவைச் சுற்றித் தொங்கும், கீழிருந்து இரண்டு கையையும் உள்ளே விடலாம். ஹூட் பெரிதாக இருந்தால் எலாஸ்டிக்கை வெட்டிவிட்டுச் சற்று மேலே புது எலாஸ்டிக் வைத்துத் தைக்க வேண்டும். எம்.சி. ரோட்டில் உட்கார்ந்திருக்கும் எந்தத் தையல்காரரும் கால் மணியில் தைத்துக் கொடுப்பார். தையல் போன துளை வழியாகத் தண்ணீர் கசியும், அதனால் அந்தக் கோடு முழுக்க மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து, மாட்டும்போது தையல் அடிப்பக்கம் வரும்படி மாட்டுங்கள். பாலிதீன் பையைவிட இது ஏன் மேல் என்றால், மலைக்காற்றில் பாலிதீன் படபடவென்று அடிக்கும், ஆடு தலையைத் தூக்கிவிடும்.

இதில் செய்யக்கூடாதவை இரண்டு. எலாஸ்டிக்கை ஜூம் வளையத்தின் மேல் மாட்டாதீர்கள், வளையம் திரும்பாது. கீழ்ப்பக்கத்தை இறுக்கிக் கட்டாதீர்கள், கை வியர்வை உள்ளேயே நின்று வியூஃபைண்டரில் படியும். மூச்சையும் கீழ்நோக்கி விடுங்கள். இன்னொன்று, உங்களுடையது நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸாக இருந்தால் ஒவ்வொரு முறை நீட்டும்போதும் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும், சுருக்கும்போது குழல் மேல் இருக்கும் தண்ணீரையும் உள்ளே இழுக்கும். உள்மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். மழையில் ஒரு அளவில் நிறுத்திவிட்டு அசைக்காமல் எடுங்கள். சுருக்குவதற்கு முன் பருத்தித் துண்டால் குழலை ஒற்றி எடுங்கள். அட்டைக்கோ கொசுவுக்கோ தைலம் தடவிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள், டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்து கலந்த தைலம் ரப்பர் பிடியையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

சாம்பல் படங்களுக்கு வருவோம். ஒளிமானி தன் முன்னால் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அறியாது, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். மூடுபனி வெள்ளை. அதைச் சாம்பலாக்க ஒளியைக் குறைக்கிறது, பனிக்கு நடுவில் நிற்கும் ஆடு இன்னும் இருண்டு சேறாகிவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை கூட்டல் 1-இல் வையுங்கள், பனி அடர்ந்தால் 1.3. இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மேடு வலப்பக்கம் முக்கால் பாகத்துக்கு வந்திருக்க வேண்டும், வலது சுவரில் முட்டக்கூடாது. ஆடு பனியில் அல்லாமல் நனைந்த புல்சரிவின் முன்னால் நின்றால் கூட்டலை எடுத்துவிடுங்கள், கறுத்த கிடாவாக இருந்தால் கழித்தல் 0.3 கூடத் தேவைப்படும். ஒரே நிமிடத்தில் இரண்டும் மாறும் இடம் அது. விரல் அந்தப் பொத்தானிலேயே இருக்கட்டும். கேமரா தானாகத் திருத்தாமல் சேமிக்கும் ரா வடிவில் எடுங்கள். பிறகு கணினியில் பனியை நீக்கும் கருவியைக் கொஞ்சமாகத் தொடுங்கள். அதிகம் இழுத்தால் ஆட்டைச் சுற்றி ஒளிவட்டம் போலக் கோடு விழும், பனியின் மென்மையே போய்விடும்.

ஃபோகஸ் தவறுவதற்குக் காரணம், பனியில் கேமரா பற்றிக்கொள்ள விளிம்பே இல்லை. ஃபோகஸ் பகுதியை அகலப் பரப்பில் வைத்தால் முன்னால் விழும் மழைக்கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, கொம்பு நெற்றியோடு சேரும் இடத்தில் வையுங்கள். அங்கேதான் அடர் நிறமும் கோடும் இருக்கும். எவ்வளவு தூரத்துக்குள் ஃபோகஸ் தேட வேண்டும் என்று வரையறுக்கும் விசை லென்ஸில் இருந்தால், அண்மையைத் தேடாதபடி வைத்துவிடுங்கள். டெலி லென்ஸ் பனியைத் துளைக்காது. 400 மி.மீ. வைத்து எட்டச் சரிவில் நிற்பதை எடுத்தால் நடுவில் இருக்கும் பனி முழுவதையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள். பூங்காவில் பார்வையாளர்களை விடும் பகுதியான இராஜமலையின் தார்ச்சாலை ஓரத்திலேயே ஆடுகள் வந்து நிற்கும், 70-200 மி.மீ. லென்ஸ் போதும். சாலையை விட்டு இறங்கவும் அனுமதியில்லை.

மழை கோடாகத் தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/125 நொடி, பின்னணி கருமையாக இருக்க வேண்டும், வெள்ளைப் பனியின் முன் மழை தெரியவே தெரியாது. ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறும் துளிகள் தனித்தனியாக நிற்க வேண்டுமென்றால் 1/1000. இதற்குக் கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 3200 வரை போகலாம், பயப்படாதீர்கள். அந்த உதறல் மழை விட்ட முதல் சில நிமிடங்களில்தான் கிடைக்கும். பெருமழையில் ஆடுகள் பாறை இடுக்குகளில் ஒண்டி நிற்கும், தூறலாகக் குறைந்ததும் மேய இறங்கும். எல்லோரும் மழைக்குப் பயந்து பேருந்துக்குத் திரும்பும் நேரத்தில் நீங்கள் நின்றுவிட வேண்டும்.

நல்ல பருவம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சங்கப் பாடல்கள் வருடை என்று சொல்லும் இந்த விலங்கு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு, உலகிலேயே தமிழக, கேரள மலைகளில் மட்டும்தான் இருக்கிறது. முதிர்ந்த கிடாக்கள் ஆண்டின் பெரும்பகுதி பெட்டைக் கூட்டத்தை விட்டு விலகித் திரியும். தென்மேற்குப் பருவமழையில்தான் இணைசேர்வதற்காகப் பெட்டைக் கூட்டத்துக்குள் வரும். உடம்பு கருங்காப்பி நிறத்துக்குக் கறுத்து, முதுகில் சேணம் போட்டது போல வெள்ளித் திட்டு பளிச்சிடும். இரண்டு கிடா தலை குனிந்து மோதுவதும் அப்போதுதான். கோடையில் வெயில் பார்த்துப் போகிறவருக்கு இது கிடைக்காது. குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவே மூடியிருக்கும்.

அடுத்த ஜூலைக்கு முன்னால் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை வரும். அதை வீணாக்காதீர்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நனைந்து உட்கார்ந்திருக்கும் காக்கையும் அதன் பின்னால் வெளுத்த வானமும், பனியில் நிற்கும் கிடாவும் கேமராவுக்கு ஒரே கணக்குதான். காக்கையின் இறகு தனித்தனியாகத் தெரிந்து, வானமும் வெள்ளையாகவே இருக்கும் அளவு எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது கைக்கு வந்ததும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள், படகுகள் கரை சேரும் நேரத்தில் செம்பருந்துகள் இறங்கும். வெள்ளைத் தலை, செம்பழுப்பு உடல், பின்னால் மழைவானம். மழைக்கோட்டுக் கையை மாட்டிக்கொண்டு, பறப்பதை ஒற்றைப் புள்ளியில் தொடர்ந்து பாருங்கள். வலை இழுப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடலைத் துடைத்து உப்பை எடுத்துவிட்டு, ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டரோடு டப்பாவுக்குள் வையுங்கள். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்ததும் நூல் தெரிகிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்