டெபாசிட்டில் கழிக்க வீட்டுக்காரருக்கு 14 நாள்தான்

கேள்வி: நியூயார்க் மாநிலம் இத்தாக்காவில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தோம். வேலை மாறியதால் ராச்செஸ்டருக்கு வந்துவிட்டோம். லீஸ் முடிந்து ஜூலை 31 அன்று சாவியைக் கொடுத்தோம். ஒரு மாத வாடகையான 1,500 டாலர் டெபாசிட் திரும்பி வரவில்லை. செப்டம்பர் 5இல் வீட்டுக்காரர் மின்னஞ்சல் அனுப்பினார்: பெயின்ட் 600, கார்பெட் சுத்தம் 350, சமையல் வாசனை நீக்க 550, எல்லாம் கழிந்துவிட்டதாம். அடுப்பங்கரைச் சுவரில் மஞ்சள் கறை இருந்தது உண்மைதான். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வழக்குப் போட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: வராது. உங்கள் பணத்தைக் கேட்டு நீங்கள் போடுவது சிவில் வழக்கு. அதில் உங்கள் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. எச்1பி தகுதி அதனால் போகாது. இந்தப் பயத்தாலேயே நம்மவர்கள் சொந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போவது எனக்கு மிகுந்த வருத்தம்.

உங்கள் வழக்கின் பலம் தேதியில் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட நியூயார்க் மாநில ஜெனரல் ஆப்ளிகேஷன்ஸ் சட்டம், பிரிவு 7-108-இன்படி, நீங்கள் காலி செய்த 14 நாளுக்குள் எதற்கு எவ்வளவு என்று கணக்கெழுதிக் கொடுத்து, மீதியைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 14 தாண்டியதும் டெபாசிட்டில் ஒரு டாலரைக்கூட வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்குப் போய்விட்டது. கறை இருந்ததா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

அந்தப் பேச்சும் வரலாம். சேதத்துக்கு ஈடு கேட்டு அவர் எதிர்வழக்குப் போட முடியும். அதனால் காலி செய்தபோது எடுத்த படங்களைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று வருடப் புழக்கத்தில் பெயின்ட் மங்குவதும் கார்பெட் நைவதும் இயல்பான தேய்மானம். அதற்குக் குடியிருந்தவர் பொறுப்பில்லை. கறை மட்டும் விவாதத்துக்குரியது. வீட்டில் சமைத்துச் சாப்பிட்டதற்கு 550 டாலர் கேட்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. கழித்தது நியாயம் என்று நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான். இன்னொன்று: காலி செய்வதற்கு முன் வீட்டைப் பார்வையிடச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவர் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்திருந்தால் கறையை நீங்களே சரிசெய்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

ஆம், முதலில் கடிதம். சாவி கொடுத்த தேதி, மின்னஞ்சல் வந்த தேதி, பிரிவு எண், உங்கள் புது முகவரி, பணம் தரப் பத்து நாள் கெடு, இவ்வளவு போதும். சர்ட்டிஃபைட் மெயிலில் (அனுப்பியதற்குச் சான்று தரும் தபால்) அனுப்பி ரசீதை வைத்திருங்கள். தொலைபேசியில் வாக்குவாதம் வேண்டாம்.

பணம் வரவில்லை என்றால், வீட்டுக்காரர் இத்தாக்காவிலேயே இருந்தால், அந்த ஊர் சிட்டி கோர்ட்டில் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் பிரிவுக்குப் போங்கள். 5,000 டாலர் வரை அங்கே கேட்கலாம். கட்டணம் 20 டாலர், வக்கீல் தேவையில்லை. வேண்டுமென்றே சட்டத்தை மீறினார் என்று நீதிபதி கருதினால் டெபாசிட்டைப் போல இரண்டு மடங்கு வரை தண்டத்தொகையும் விதிக்கலாம். ஆக 1,500-உடன் 3,000 சேர்த்து 4,500 கேளுங்கள். தண்டத்தொகை கட்டாயம் கிடைக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அது நீதிபதியின் முடிவு. உங்கள் மனைவி சாட்சி சொல்வதாக இருந்து, ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். நீதிமன்றமே இலவசமாக ஏற்பாடு செய்யும்.