வாரம் 500 மில்லிகிராம் ஊசி போடலாமா?

கேள்வி: டாக்டர், வயது 24. இரண்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன், உடம்பு ஓரளவுக்கு மேல் ஏறவில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி வாரம் 500 மி.கி. வீதம் 12 வாரம் போட்டால் ஏறும், நிறுத்தியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்கிறார் மாஸ்டர். அடுத்த வருடம் கல்யாணம். போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. உடம்பு ஏறும் என்று மாஸ்டர் சொல்வது உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். 1996-ல் அமெரிக்காவில் பாசின் என்ற மருத்துவரின் குழு வாரம் 600 மி.கி. வீதம் 10 வாரம் கொடுத்துப் பார்த்தது. ஊசியோடு எடைப்பயிற்சியும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 6 கிலோ கூடியது, பயிற்சியே இல்லாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்கும் 3 கிலோ. டோஸ் கூடக் கூடத் தசையும் கூடும் என்று 2001-ல் அதே குழு காட்டியது. ஆனால் கூடவே நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்கியது, ஹீமோகுளோபின் ஏறியது.

'பழையபடி ஆகிவிடும்' என்கிறாரே, அங்கேதான் சிக்கல். வெளியிலிருந்து இந்த ஆண் ஹார்மோன் வந்ததும் மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விந்தகங்களுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும், விந்தகம் சுருங்கும், விந்தணு குறையும். உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே வாரம் 200 மி.கி. கொடுத்துச் சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது: பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். உங்கள் மாஸ்டர் சொல்வது அதைப்போல இரண்டரை மடங்கு! நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும், ஆனால் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும். அந்த இடைவெளியில் சோர்வு, ஆசைக்குறைவு, மனச்சோர்வு எல்லாம் வரலாம், ஏறிய தசையிலும் கொஞ்சம் இறங்கும்.

அப்புறம் ரத்தம். உண்மையிலேயே குறைபாடு உள்ளவருக்கு நாங்கள் கொடுப்பது வாரம் 75 முதல் 100 மி.கி. வரைதான், அவருக்கும்கூட ஹிமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவிடுவோம், ரத்தம் கெட்டியாகி உறையும் என்ற பயம். பருக்கள், மார்பு வீங்குவது, முடி கொட்டுவது தனி. வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு இதயத்தின் பம்ப் செய்யும் திறனே குறைந்திருப்பதை 2017-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மருந்துச் சீட்டு இல்லாமல் கைமாறும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது மாஸ்டருக்கும் தெரியாது.

முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். 60 கிலோ எடை என்றால் தினமும் 95 கிராம் புரதமாவது வேண்டும், இட்லியும் சாம்பார் சாதமும் மட்டும் அதைத் தராது. முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் என்று கூட்டுங்கள், தூக்கும் எடையை மாதாமாதம் கொஞ்சம் ஏற்றுங்கள். ஏற்கெனவே ஓரிரண்டு ஊசி போட்டிருந்தால் கூச்சப்படாமல் ஒரு ஹார்மோன் மருத்துவரிடம் போய் டெஸ்டோஸ்டிரோன், விந்தகத்துக்குப் பிட்யூட்டரியின் உத்தரவைக் கொண்டுபோகும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள், ஹிமாட்டோகிரிட், கொழுப்பு, விந்தணு எண்ணிக்கை எல்லாம் பார்த்துவிடுங்கள், கல்யாணத்துக்கு முன்பே.